ஓடும்போது காதில் எதை மாட்டுவது: மதிக்கு அம்மா எழுதுவது

அன்பு மதிக்கு,

ஓடும்போது மாட்டிக்கொள்ள என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று இயர்ஃபோன் படங்களையும் பார்த்தேன். "எதும்மா வாங்கட்டும், சீக்கிரம் சொல்லு, ஆஃபர் முடியப்போகுது" என்று கேட்டிருக்கிறாய். இதற்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை. காது சோதிக்கும் அறையிலேயே என் பகல் பொழுது போகிறது. உன் வயதுப் பிள்ளைகள் வந்து, காதுக்குள் விடாமல் ஒரு இரைச்சல் கேட்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆஃபர் போனால் போகட்டும், தீபாவளிக்கு இன்னொன்று வரும்.

பாட்டு எவ்வளவு துல்லியமாகக் கேட்கும், பேஸ் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஓடுகிறவளுக்கு முதலில் அது காதில் நிற்க வேண்டும். காதுத் துவாரம் நேராக இருக்காது, வளைந்துதான் உள்ளே போகும். அது ஒரே அளவிலும் இருக்காது. ஒரு விரல் நுனியைக் காதில் லேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பார், துவாரத்தின் சுவர் அசைவது தெரியும். நீ வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் இதுதான் நடக்கிறது. கடைக் கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது, இரண்டாவது கிலோமீட்டரில் நழுவுகிறது என்றால் காரணம் இதுவும் வியர்வையும்தான்.

டப்பாவுக்குள் சிலிகான் டிப், அதாவது காதுக்குள் நுழைகிற மெத்தென்ற முனை, மூன்று அளவுகளில் இருக்கும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும், நிறையப் பேர் மற்ற இரண்டையும் தொடுவதே இல்லை. எங்கள் அறையில் நடுக்காதின் அழுத்தம் பார்க்கிற கருவிக்கு இதே மாதிரி குட்டி ரப்பர் முனைகள் பல அளவுகளில் வைத்திருக்கிறோம். வலது காதுக்குப் பொருந்தியது இடது காதில் காற்றை விட்டுவிடும், கருவி வேலையே செய்யாது. வேறு அளவு மாற்றிப் போட்டால் உடனே கோடு வந்துவிடும். அதனால் உனக்கு ஒரு காதில் சின்னதும் இன்னொரு காதில் நடு அளவும் பொருந்தினால் அதில் ஒன்றும் விசேஷம் இல்லை, அப்படியே போட்டுக்கொள். மாட்டும்போது மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து, கொஞ்சம் திருப்பிவிடு. அப்புறம் நின்ற இடத்திலேயே ஸ்கிப்பிங் ஆடுவது போலக் குதி, தலையை ஆட்டு, ஒரு வாய் தண்ணீர் குடி. அப்போதும் நின்றால்தான் நிற்கும்.

இது நழுவாமல் இருப்பதற்கு மட்டும் சொல்லவில்லை. டிப் சரியாக உட்காராவிட்டால் தாழ்ந்த ஒலிகள் வெளியே ஓடிவிடும், பாட்டு சப்பென்று கேட்கும். உடனே கை சத்தத்தைக் கூட்டும். கேடு அங்கேதான் ஆரம்பம்.

இப்போது உன் முதல் படத்துக்கு வருகிறேன். வெளிச்சத்தத்தை அடியோடு அடக்குகிறதே, நாய்ஸ் கேன்சலேஷன் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, அது. மின்சார ரயிலிலும் அலுவலகத்திலும் அது நல்ல சாமான்தான், வெளி இரைச்சல் குறைவதால் பாட்டைக் குறைவாக வைத்தே கேட்கலாம். ஓட்டத்துக்கு நான் வேண்டாம் என்பேன். இரண்டு காதையும் விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று சொல்லிப் பார். உன் குரலே குகைக்குள்ளிருந்து வருவது போல முழங்கும். குரலின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுத் துவாரத்துக்கு வருகிறது, திறந்த காதில் அது வெளியே போய்விடும், அடைத்த காதில் உள்ளேயே தங்கிப் பெருகும். கால் தரையில் விழும் ஒவ்வொரு அடிக்கும் இதேதான். முழுக்க அடைக்கிற இயர்பட்ஸ் போட்டு ஓடினால் "தம் தம்" என்று தலைக்குள் இடிக்கும். அந்த இடியை மறைக்க மறுபடியும் சத்தத்தைக் கூட்டுவாய். காற்றுப் போக ஒரு சின்னத் துளை வைத்து, துவாரத்தை முழுக்க இறுக்கி அடைக்காமல் அதன் முகப்பில் மட்டும் உட்காரும்படி செய்த வகையில் இந்தத் தொல்லை குறைவு.

சத்தத்தின் கணக்கை உனக்கு நான் சொல்லியே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு 5, 92 என்றால் வாரத்துக்கே இரண்டரை மணி நேரம்தான். நீ வாரத்தில் நாலைந்து நாள் ஒரு மணி நேரம் ஓடுகிறாய், அதற்கு மேல் அலுவலக மீட்டிங், ராத்திரி படம் எல்லாம் இதே காதுக்குத்தான். 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று அதே நிறுவனம் 2022-இல் சொன்னது. அந்தக் கூட்டத்தில் நீ இருக்கக் கூடாது.

இந்தப் பாதிப்பு எப்படித் தெரியும் என்று கேட்டால், ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. காது எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் காகிதத்தில் கோடு ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சொலிப் பக்கத்தில் வந்ததும் ஒரு பள்ளம் விழும், 8000-இல் திரும்ப ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும், இது சத்தத்தால் வந்தது என்று சந்தேகப்பட்டு, மெஷின் பக்கம் வேலை பார்க்கிறீர்களா, ஹெட்ஃபோன் போடுகிறீர்களா என்று கேட்போம். வந்தவருக்கு வீட்டில் பேசுவது எல்லாம் கேட்கும். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சேர்ந்து பேசினால்தான் புரியாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை, அதற்கு மருந்தும் கிடையாது. ஆகையால் காலையில் வீட்டுக்குள் அமைதியாக இருக்கும்போதே அளவை வைத்துக்கொள். தெருவில் இறங்கி பஸ் சத்தம் வந்ததும் கூட்டாதே. பாட்டு கேட்கவில்லை என்றால் கொஞ்ச நேரம் கேட்காமல் போகட்டும். உன் போனிலேயே ஹெட்ஃபோன் சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கிற வசதி இருந்தால் அதைப் போட்டுவிடு.

அடுத்தது ரோடு. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. நீ இந்திரா நகரிலிருந்து கிளம்பி, எல்.பி. ரோட்டைத் தாண்டி, பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் போகிறாய். விடிவதற்குள் பால் வண்டி, தண்ணீர் லாரி எல்லாம் வந்துவிடும். இப்போது பேட்டரி ஸ்கூட்டர்கள் வேறு, பக்கத்தில் வரும்வரை சத்தமே இல்லை. "ஒரு காதில் மட்டும் போட்டுக்கிறேன்மா" என்று நீ போன தடவை சொன்னாய். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் அதை நம்பிவிடாதே. ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அந்தச் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மூளை அதையும் பிடித்துவிடும். ஒரு காதை அடைத்தால் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் தடுமாறிவிடுவாய். ஒரு காது கேட்காதவர்கள் எங்களிடம் வந்து முதலில் சொல்லும் குறையே ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறது என்பதுதான்.

மூன்றாவது படத்தில் இருப்பது எலும்பு வழியாகக் கேட்கும் வகை. காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பில் வந்து உட்காரும், துவாரம் திறந்தே இருக்கும். நாங்கள் காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வானை வைத்துச் சோதிக்கிறோமே, அதே தத்துவம். ரோட்டில் ஓட இதுதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "காதுக்குள் போகாததால் காதுக்குக் கெடுதல் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதே. எந்த வழியில் போனாலும் அதிர்வு கடைசியில் அதே உள்காதுக்குத்தான் போய்ச் சேர்கிறது. காது திறந்திருப்பதால் டிராஃபிக்கில் பாட்டு அமுங்கிப்போகும், அங்கேயும் கை கூட்டத்தான் பார்க்கும். உன் கண்ணாடிக் காம்பும் இந்தக் கருவியின் வளையமும் காது மேலே ஒரே இடத்துக்கு மோதும், போட்டுப் பார்க்காமல் வாங்காதே.

வியர்வையைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று டப்பாவில் ஒரு குறியீடு போட்டிருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் பீய்ச்சினாலும் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். எக்ஸ் இருக்கும் இடம் தூசிக்கான எண். எக்ஸ் என்றால் தூசிக்கு மதிப்பெண் தரவில்லை என்று அர்த்தம். நீ மணல் பறக்கிற இடத்தில் ஓடுகிறாய், அதனால் ஐபி55 போல இரண்டு எண்ணும் உள்ளதாகப் பார். ஆனால் இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. சென்னை வியர்வையில் உப்பு இருக்கிறது. ஓடி முடித்ததும் துடைக்காமல் டப்பாவில் போட்டு மூடினால் சார்ஜ் ஏறும் உலோக முனைகள் கறுத்துப்போய் ஒரு பக்கம் சார்ஜே ஏறாது.

கருவியைவிடக் காதுக்குத்தான் ஈரம் ஆகாது. மழைக்காலம் வந்தால் காதுப் பூஞ்சையோடு வருகிறவர்கள் அதிகம், அரிப்பு, அடைப்பு, சில பேருக்குக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ பொடிபோல உள்ளே படிந்திருக்கும். தலைக்குக் குளித்த கையோடு இயர்பட்ஸ் மாட்டாதே. டிப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் போடு. ரூம்மேட்டோடு மாற்றி மாற்றிப் போட வேண்டாம். தினமும் மாட்டினால் குரும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைப்பு வரலாம், அப்போது குச்சி, ஹேர்பின், பஞ்சு பட்ஸ் என்று எதையும் உள்ளே விடாதே, டாக்டரிடம் போ.

ஆக, என் தேர்வு நடுப் படம். மடலுக்குள் சின்ன இறக்கை போல மடிந்து பிடிக்கிறது, அதனால் கண்ணாடிக்கு இடைஞ்சல் இல்லை. வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி இருக்கிறது. தொடுகிற இடத்துக்குப் பதில் அழுத்துகிற பொத்தான் இருக்கிறது, வியர்வை விரலுக்கு அதுதான் சொன்னபடி கேட்கும். ஒன்றுதான் நிபந்தனை. வீட்டிலிருந்து பீச் நடைபாதை வரை காது வெறுமையாக இருக்கட்டும், நடைபாதைக்குப் போனதும் போட்டுக்கொள். அந்த மைக் வசதியை நம்பி எல்.பி. ரோட்டைத் தாண்டாதே. கடற்காற்று அடித்தால் மைக்கில் "புர்ர்" என்ற சத்தம்தான் முதலில் வரும், ஹாரன் அதற்குள் அமுங்கிவிடும். கூடுமானவரை கடைக்குப் போய் வாங்கு, காதுக்குள் போடும் சாமானைப் பிரித்துவிட்டால் பல இடங்களில் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஜனவரிப் பந்தயத்துக்கு இதைப் போடலாமா என்று விதிகளைப் படித்துப் பார்த்துவிடு.

அப்பா பாதிப் பணம் போடுகிறேன் என்கிறார், வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்தாதே.

பொங்கலுக்கு வரும்போது ஒரு வேலை நாளும் சேர்ந்து இருக்கிற மாதிரி லீவு போடு. உனக்கு ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடலாம். காது நன்றாக இருக்கும்போதே ஒரு கணக்கு கையில் இருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். அதற்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே காதுக்கு ஓய்வு வேண்டும், இரைச்சலில் இருந்துவிட்டு வந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆகவே நேராக ரயிலிலிருந்து இறங்கி வராதே, வீட்டில் ஒரு நாள் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் என்னோடு கிளம்பு.

அன்புடன்,
அம்மா