செயலாளரின் ஆண்டறிக்கை: பாடி எழுத்துப் பதிவேடு

மதிப்புக்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மிடம் உள்ள ஒவ்வொரு பழைய காரும் எந்த பாடியில் கட்டப்பட்டது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும் எனச் சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். பாடி என்பது ஒரே அடிப்படை அமைப்பில் கட்டிய கார்களின் குடும்பம்; ஒவ்வொன்றுக்கும் கார் நிறுவனம் ஓர் எழுத்தைப் பெயராக வைத்திருந்தது. ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே போனது. கோடை ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

எளிய வேலை என்றுதான் இறங்கினோம். செவ்ரலே, பொன்டியாக் இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்ப் பெயர்கள். அவற்றின் கமாரோவும் ஃபயர்பேர்டும் 1967 முதல் 2002 வரை எஃப்-பாடி. அறுபதுகளின் இம்பாலா பி-பாடி. சிக்கல் ஒரு 1984 மான்டி கார்லோவில் தொடங்கியது. அதன் 17 இலக்க வாகன எண்ணில் நான்காவது எழுத்து 'ஏ'. அதை நம்பி, ஏ-பாடி என்று நானே எழுதிவிட்டேன். அது பிழை. 1984 வரை ஜெனரல் மோட்டார்ஸ் அந்த இடத்தில் குறித்தது இருக்கைப் பட்டியின் வகையை. 1985இலிருந்துதான் அங்கே பாடி எழுத்து வருகிறது. அந்தக் கார் ஜி-பாடி. அதே வடிவக் காரே 1978 முதல் 1981 வரை ஏ-பாடியாக இருந்தது. 1982இல் முன்சக்கர இயக்கத்தோடு வந்த செலிபிரிட்டி, செஞ்சுரி போன்ற புதுக் கார்களுக்கு ஏ எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள்; பின்சக்கர இயக்கத்தில் தொடர்ந்தவை ஜி ஆயின.

கிறைஸ்லர் கார்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே டார்ட் ஏ-பாடி, சார்ஜர் பி-பாடி. பாரகுடா 1970இல் ஏயிலிருந்து சேலஞ்சரோடு சேர்ந்து இ-பாடிக்குப் போனது. ஆனால் அதன் எண் 1969இலும் 1970இலும் 'பி' என்றே தொடங்குகிறது. அந்த 'பி' பாரகுடா என்ற பெயரைச் சொல்கிறது, பாடியை அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இங்கே கனடாவில் ஒஷாவா நகரில் கட்டிய நம் கார்கள். உறுப்பினர் ஒருவர் தன் 1963 பொன்டியாக் பாரிசியனுக்காக அமெரிக்க கேட்டலினாவின் அடிப்பாகச் சாமான்களை வரவழைத்தார். எதுவும் பொருந்தவில்லை. இரண்டும் பி-பாடிதான், வெளித்தோற்றமும் ஒன்றுபோலத்தான். ஆனால் கனடாப் பொன்டியாக்கின் தகடுகளுக்கு அடியில் இருப்பது செவ்ரலேயின் எக்ஸ் வடிவ அடிச்சட்டமும் செவ்ரலே என்ஜினும். 1959இலேயே அமெரிக்க கேட்டலினாவின் சக்கர இடைவெளி 122 அங்குலம், நம்முடையது 119. இறக்குமதி வரி இருந்த அந்தக் காலத்தில், சிறிய சந்தைக்கு இங்கேயே கார் கட்டவேண்டும் என்றால் செவ்ரலேயின் சாமான்களைப் பகிர்ந்துகொள்வதே கட்டுப்படியானது. கனடாவுக்கென வந்த மற்ற இரு கார்களில் அகாடியன் செவ்ரலே நோவாவின் உறவு, போமான்ட் செவ்ரலே செவெல்லின் உறவு. போமான்ட் 1966 முதல் 1969 வரை தனிப் பெயரிலேயே விற்பனையானது. பொன்டியாக் முகவரிடம் விற்ற கார் என்றாலும் அதில் பொன்டியாக் என்ற பெயர் இல்லை. இவற்றை 'செவ்ரலேயின் நகல்' என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது. இவை இந்த நாட்டின் தேவைக்காக இங்குள்ள தொழிலாளர்கள் கட்டிய கார்கள்.

ஆகவே பதிவேட்டில் பாடி எழுத்துக்குப் பக்கத்தில் 'அடிச்சட்டம், என்ஜின்' என்று இன்னொரு பத்தியும் சேர்த்துள்ளோம்.

ஒரு வேண்டுகோள். என்ஜின் அறையின் பின்சுவரில் அறைந்திருக்கும் தகட்டை, வண்ணம் பூசும்போது தயவுசெய்து கழற்றவிடாதீர்கள். ஒரு காரின் தகடு பட்டறையிலேயே தொலைந்துபோனது. அதன் மூல நிறம் என்ன என்பதை இனித் தகட்டிலிருந்து அறிய வழியில்லை.

குளிரில் கார்களுக்கு அடியில் படுத்து விளக்குப் பிடித்த இளம் உறுப்பினர்களுக்கு நன்றி. இன்னும் பதியாத கார்களை மே மாதச் சந்திப்புக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்