தேவாலா பழைய தங்கச் சுரங்கங்களுக்கு வேலியும் வரலாற்றுப் பலகையும் கேட்டு மனு

அனுப்புநர்:
தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மக்கள்,
தேவாலா வட்டாரம், பந்தலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: குளத்துக்கு மேலுள்ள பழைய சுரங்க வாய்களை அளந்து வேலி அமைப்பதும், ஊர் வரலாற்றுப் பலகை வைப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழே ஒரு குளம் இருக்கிறது. துணி துவைப்பது, மாடு கழுவுவது, மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிப்பது எல்லாம் அதன் கரையில்தான். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சிமார் பாயசம் கொண்டு வந்து கொடுப்பதும் அங்கேதான். கோடையிலும் இந்தக் குளம் வற்றியதில்லை. மேலே தேயிலைக்குள் இருக்கும் பழைய தங்கச் சுரங்கத்திலிருந்து கசியும் தண்ணீர் அதைக் காப்பாற்றுகிறது.

அந்தச் சுரங்க வாய்களைப் பற்றித்தான் இந்த மனு.

இந்த மலையின் பழங்குடிகளான பணியர்களும் குறும்பர்களும் இங்குள்ள ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கம் எடுத்தவர்கள். எங்கள் ஊர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-இல் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தது. அடுத்து 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கையை நம்பி, 1881-க்குள் இங்கிலாந்தில் 41 கம்பெனிகள் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் மூலதனம் அறிவித்துத் தொடங்கப்பட்டன. காட்டு ஊரான பந்தலூர் திடீரென்று பட்டணமானது. ஆனால் பாறையில் கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. சில வருடங்களிலேயே எல்லாம் மூடி, இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. மலைக்குள் குடைந்த குழிகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

அப்புறம் வந்தவர்கள் நாங்கள். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி (சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்) இலங்கையிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக வந்த எங்கள் பெற்றோருக்கு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தங்கள் காலுக்கடியில் சுரங்கம் இருப்பது தெரியாமலே கொழுந்து பறித்தார்கள்.

போன மழைக்காலத்தில் எங்கள் லயத்துக் கறவை மாடு ஒன்று புதருக்குள் மறைந்திருந்த குழியில் விழுந்து செத்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அதிலிருந்து பத்தடிதான். இதற்கு முன்பே ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இடம் வனத்துக்கா, தோட்டத்துக்கா, வருவாய்த் துறைக்கா என்று முதலில் தெரியவேண்டும் எனத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைத் தாங்கள் ஒருவர்தான் தீர்க்க முடியும்.

கூலி போதாத நாட்களில் சிலர் தங்கம் தேடி இந்தக் குழிகளுக்குள் இறங்குகிறார்கள். இந்த வட்டாரத்தில் மண் சரிந்து உயிர்கள் போயிருக்கின்றன. அவர்களைத் திருடர்களாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறோம். வேலி போடும் வேலையை அவர்களுக்கே கூலிக்குக் கொடுங்கள். ஆனால் வாயை முழுக்க மண் போட்டு மூடிவிடாதீர்கள், குளத்துக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும். கம்பி வேலியும், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு பலகையும் போதும். பலகையில் கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் பணியர், குறும்பர் பெயர் வரவேண்டும்.

எந்தக் குழி எங்கே இருக்கிறது என்பது முழுதும் தெரிந்தவர் எங்கள் ஊர்ப் பணியர் பாட்டி ஒருவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அளக்க வரும் அதிகாரிகளுக்குத் தானே வழி காட்டுவதாகச் சொல்கிறார். ஜூன் மழை பிடித்துவிட்டால் அந்த மேட்டில் அவரால் ஏற முடியாது. அதற்குள் ஆட்களை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஊர்ப் பொதுமக்கள்