ஏனாமின் கணக்கைத் தனியே தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி மாநிலத்தின் மக்கள்தொகை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டுகளில் மாநிலம் 28 விழுக்காடு வளர்ந்தது என்பதோடு நின்றுவிட்டது. பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் ஏனாமில் குடியிருந்தவன் என்ற முறையில், அந்தச் சராசரிக்குள் அவ்வூர் மறைந்துபோனதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அதே காலத்தில் ஏனாமின் மக்கள்தொகை 31,394இலிருந்து 55,626ஆக, அதாவது 77 விழுக்காடு உயர்ந்தது. நாற்புறமும் ஆந்திர மாநிலம் சூழ்ந்திருக்க, வீட்டிலும் கடைத்தெருவிலும் தெலுங்கே புழங்கும் அந்த ஊர், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த ஒரே காரணத்தால் 800 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள புதுச்சேரியோடு இணைந்திருக்கிறது. அதைக் கடற்கரை ஊர் என்றே இங்கு பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கௌதமி கோதாவரியிலிருந்து கோரிங்கா ஆறு பிரியுமிடத்தில் உள்ள ஆற்றங்கரை ஊர். கடல் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. கூடிய 24,000 பேருக்கும் அந்தச் சிறு எல்லைக்குள்தான் இடம் கிடைத்தாக வேண்டும். ஆற்றை விட்டு விலகிப் போக ஏனாமுக்கு வேறு நிலமில்லை.

நமக்கு மழையும் வெள்ளமும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு உரியவை. ஏனாமிலோ, 1996 நவம்பரில் தாக்கியதைப் போன்ற புயல்களின் அச்சம் ஒருபுறமிருக்க, மகாராட்டிரத்திலும் சத்தீசுகரிலும் தெலங்கானாவிலும் பெய்த மழை ஆடி, ஆவணியில் கோதாவரி வழியே வந்து சேர்கிறது. ஊரில் ஒரு துளி விழாத நாளிலும் தாழ்வான பேட்டைகளில் நீர் புகுந்துவிடும். 1986 ஆகஸ்டு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாத முதியவரை நான் அங்கு கண்டதில்லை. 2022 ஜூலையிலும் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. ஆகவே அந்த மாதங்களில் அங்குள்ளோர் காலையில் முதலில் விசாரிப்பது, மேலே தவளேசுவரம் அணைக்கட்டில் எவ்வளவு நீர் செல்கிறது என்பதைத்தான். அங்கு 10 லட்சம் கனஅடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 17 லட்சத்தில் மூன்றாம் எச்சரிக்கை.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடும் தாங்கள், ஜூலை முதல் செப்டம்பர் வரை அதனருகில் தவளேசுவரத்தின் அளவையும் ஒரு வரியில் வெளியிட வேண்டுகிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வரும்போது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் எண்களையும் தனித்தனியே தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
புதுச்சேரி.