மாத்திரையை ஒளிக்காதே, மாலா

குடியாத்தம்
வைகாசி 5

அன்புள்ள மாலா,

உன் கடிதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முதல் நாள் வந்தது. வீடு முழுக்க விருந்தாளிகள், கூழ், இரைச்சல். இன்றுதான் நிதானமாக உட்கார முடிந்தது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள், ஆக்சிலியம் காலேஜில்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதம். நம் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் அல்லவா.

உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அழுதுவிட்டேன். மனச்சிதைவு வந்த எல்லாருக்கும் அது அவ்வளவு சீக்கிரம் அமைவதில்லை. ஆனால் அடுத்த பக்கத்திலேயே, அப்பா பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார், அவர்கள் வந்து போகும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம்டி. அவன் தேறியிருப்பதே மாத்திரையால்தான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம், அப்படி வருவது முன்பு போலச் சீக்கிரம் அடங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

"கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்." எனக்கும் இதைத்தானே சொன்னார்கள்! பைபோலார், அதாவது மனம் உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய் என்று தெரிந்த பிறகும் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னது உனக்குத் தெரியும். அம்மா பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கேட்டது, "எந்தெந்த வேளைக்கு மாத்திரை?" என்றுதான். இன்றைக்கும் அந்த நோய்க்கு நான் சாப்பிடும் லித்தியம் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகிவிட்டதா என்று கணக்குப் பார்ப்பது அவர்தான். சொல்லாமல் கட்டியிருந்தால் நான் யாருக்கும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்திருப்பேன், அல்லது விட்டிருப்பேன்.

மறைப்பது உடம்புக்கே ஆபத்து என்பதைப் போன ஆவணியில் பார்த்தேன். மூட்டு வலியும் காய்ச்சலுமாக இருந்தேன். நாத்தனார்தான் கிளினிக்குக் கூட்டிப்போனாள். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். அவர் சீட்டில் ஐபுப்ரோஃபென் எழுதினார். நான் குறுக்கிட்டு, லித்தியம் சாப்பிடுகிறேன் என்றேன். சட்டென்று பேனாவை நிறுத்தி, எழுதியதை அடித்துவிட்டு, பாராசிட்டமால் எழுதித் தந்தார். அந்த வலி மாத்திரை லித்தியத்தை ரத்தத்தில் தேங்க வைக்கும். அளவு கூடினால் கை நடுங்கும், வாந்தி பேதியாகும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. நாத்தனார் கெட்டவள் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தாள். வெளியே வந்ததும், "அங்க எல்லாரும் இருந்தாங்க அண்ணி" என்றாள். உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? சுகருக்கும் பிரஷருக்கும் பை நிறைய மாத்திரை வைத்திருந்தவர்கள்.

வெயிலிலும் கவனம் வேண்டும். வியர்த்து உடம்பில் நீர் குறைந்தாலும் லித்தியம் ஏறும். நம்ம வேலூர் வெயில் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் பாட்டிலோடுதான் சுற்றினேன்.

உன் அம்மா பாகாயம் ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுவதாக எழுதியிருக்கிறாய். ஆரணி பஸ்ஸில் போகும்போது அந்த நிறுத்தத்தில் இறங்கினால் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. உள்ளே சங்கிலி போடுவார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் அந்த மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை நம் நாட்டில் முன்னோடியாகக் கொண்டுவந்த இடங்களில் அது ஒன்று. அம்மா பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டியதே இல்லை. சங்கிலி இருந்தது ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில். 2001 ஆகஸ்டில், கட்டிப் போட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியாமல் தீயில் கருகி 28 பேர் செத்தார்களே, அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது சொந்தக் குடும்பம்தான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் ஷாக் கொடுக்கவும் கூடாது. அம்மாவுக்கு இதை நிதானமாகப் படித்துக் காட்டு.

சோளிங்கர் நரசிம்மர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்களாமே, தாராளமாகப் போய் வரட்டும். நானும் கார்த்திகை தவறாமல் போகிறவள்தான். தக்கான் குளத்தில் முழுகி எழுந்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு, மலை ஏறட்டும். நரசிம்மர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. பத்து மணிவரை தூங்குகிறான், தறியில் உட்காருவதில்லை, சோம்பேறி என்று அப்பா ஊர் கேட்கத் திட்டுகிறார் என்றாயே. அந்தத் தூக்கம் மாத்திரையாலும் இருக்கும், நோயாலும் இருக்கும். வேளையை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு போடுகிறதா, சுகர் ஏறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவன் எழுந்து பல் விளக்கி ஒரு பாவு முடிச்சுப் போட்டாலே அன்றைக்கு அது பெரிய வேலை. எனக்கும் அப்படிப்பட்ட மாதங்கள் இருந்தன, நீதானே பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாய்.

அம்மாவுக்கு ராத்திரியில் பயம் வந்தால் 14416க்குப் போன் போடச் சொல். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை பாகாயம் வரும்போது பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன். பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதைத் தம்பியையே கேட்டு முடிவு செய்யுங்கள், சொல்ல வேண்டியது அவனுடைய கதை. ஞாயிறு சாயங்காலம் நீ ஆரணியில் இருப்பாய் அல்லவா? போனை அப்பாவிடம் கொடு, நான் பேசுகிறேன்.

உன்
தேவி