சிவப்பு சாஸ் கடைக்குப் போகுமுன்

அன்புள்ள மதிக்கு,

சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் தோழிகள் மூன்று பேரோடு நியூயார்க் புரூக்ளினில் பமான்டீஸுக்குப் போகப் போவதாக அம்மா சொன்னாள். தக்காளி சாஸில் சமைக்கும் பழைய இத்தாலிய-அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை அது; இந்த வகையைத்தான் 'சிவப்பு சாஸ்' கடை என்பார்கள். நல்ல இடம், வில்லியம்ஸ்பர்க்கில் 1900-லிருந்து நடக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் சமையல்கட்டு தெரியும். முன்கூட்டியே மேஜைக்குச் சொல்லி வைத்துவிடு. கிழக்கு ஹார்லெமில் 1896-லிருந்து இருக்கும், இதே வகைக் கடையான ராவோஸுக்கு மட்டும் முயற்சி செய்யாதே. அங்கே மேஜைகள் பழைய வாடிக்கைக்காரர்களின் பேரில் இருக்கின்றன, நமக்குக் கிடைக்காது.

ரோமில் கிடைப்பதை இந்தக் கடைகளில் தேடாதே. 1880-லிருந்து 1924 வரை இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர்கள் சுமார் நாற்பது லட்சம் பேர். பெரும்பாலும் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலிப் பக்கத்து ஏழைகள். ஊரில் நாள் கிழமைக்கு மட்டும் கண்ட இறைச்சி அமெரிக்காவில் கூலிக்காரனுக்கும் கட்டுப்படியானது. நெல்லிக்காயளவு உருட்டித் தனியாகச் சாப்பிட்ட கறி உருண்டை எலுமிச்சைக்கு மேல் பெருத்து ஸ்பகெட்டி மேல் ஏறியது. கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளி சாஸும் சீஸுமாக அடுக்கிச் செய்த பார்மிஜானாவைக் கோழியிலும் கன்றிறைச்சியிலும் செய்தார்கள். 'சிக்கன் பார்ம்' வந்த வழி அதுதான்.

தட்டுகள் பெரிது, ஒன்று ஒன்றரை ஆளுக்குக் காணும். நாலு பேருக்கு ஆரம்பத்தில் ரொட்டித் தூள் தூவிச் சுட்ட மட்டிச் சிப்பி ஒரு தட்டு, சாலட் ஒன்று, பாஸ்தா இரண்டு, பார்ம் ஒன்று போதும். மேஜையில் முதலில் வைக்கும் ரொட்டியில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். வெண்ணெய் தடவி மூன்று துண்டு உள்ளே போனால் பாஸ்தாவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஒரு துண்டை மட்டும் கடைசியில் சாஸ் வழிக்க எடுத்து வை.

சாஸில்தான் கடையின் தரம் தெரியும். மரினாரா என்றால் பூண்டு, ஆலிவ் எண்ணெய், தக்காளி, அரை மணி நேரத்துக்குள் இறக்கியது. தக்காளியின் புளிப்பு கொஞ்சம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை 'கிரேவி' வேறு: பன்றி எலும்பு, சாசேஜ், கறி உருண்டை எல்லாம் போட்டு மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் கிடந்தது, நிறமே செங்கல் போல இருக்கும். தட்டு வந்ததும் ஓரத்தைப் பார். பாஸ்தாவைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து நின்றால், வடித்ததைத் தட்டில் கொட்டி மேலே சாஸ் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாணலியில் சாஸோடு, பாஸ்தா வெந்த நீர் ஒரு கரண்டி விட்டுக் கடைசி ஒரு நிமிடம் புரட்டியிருந்தால், மாவுச்சத்து சேர்ந்து சாஸ் இழையோடு ஒட்டியிருக்கும். இப்படிப்பட்ட கடைகள் சிலவற்றில் பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் எடுத்து வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் வெந்நீரில் முக்கி எடுப்பார்கள். அது குழையும். 'அல் தெந்தே', அதாவது குழையாமல் பல்லில் கடிபடும் பதம், என்று சொல்லிக் கேள், தப்பில்லை.

மட்டி போட்ட லிங்குவினி (தட்டையான நீள பாஸ்தா) வாங்கினால் தக்காளி போடாமல் வெள்ளையாக வாங்கு. சிவப்பில் தக்காளி மட்டியின் உப்பை அமுக்கிவிடும். திறக்காத சிப்பியைக் குத்தித் திறக்காமல் ஒதுக்கிவிடு. சீஸ் துருவியை நீட்டினால் வேண்டாமென்று சொல். கடல் உணவுக்குச் சீஸ் போடுவது அவர்கள் வழக்கமில்லை.

கூட வருகிறவர்களில் ஒருத்தி சைவம் என்றாயே, அவளுக்குக் கத்தரிக்காய் பார்ம் சொல்லு. ஆனால் சாஸ் மரினாராதானா, கறி போட்ட சாஸா என்று வெயிட்டரிடம் கேட்டுக்கொள். மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பிலும் கறிக்கொதிநீர் இருக்கலாம். சீசர் சாலட்டிலும் புட்டனெஸ்கா என்ற பாஸ்தா சாஸிலும் நெத்திலி உண்டு. அசல் இத்தாலியப் பார்மிஜான் சீஸை உறைய வைப்பதே கன்றின் இரைப்பைச் சாற்றில்தான். அது அவளுக்கு ஒத்துவருமா என்று முன்னாலேயே கேட்டுவிடு. கத்தரிக்காயை உப்பிட்டு நீர் வடிய விட்டு, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து அடுக்க வேண்டும். நீரை வடிக்காவிட்டால் எண்ணெய் குடித்துக் கொழகொழக்கும். நல்லதாக வந்தால் ஓரத்தில் சீஸ் கருகி மொறுமொறுக்கும். சண்டை போட்டாவது அந்த ஓரத்தை வாங்கிக்கொள்.

இனிப்புக்குக் கன்னோலி, பொரித்த மாவுக் கூட்டில் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸை அடைத்தது. கூட்டில் அதை இப்போதுதான் அடைக்கிறார்களா என்று கேள். காலையிலேயே அடைத்து வைத்தது நமத்துப்போயிருக்கும். அப்படியானால் வேண்டாம், எஸ்பிரஸ்ஸோவோடு முடித்துக்கொள்.

பில்லில் 8.875 சதவீதம் வரி வரும். டிப்ஸுக்கு அந்த வரித் தொகையை இரட்டித்துச் சற்றுக் கூட்டினால் போதும். 80 டாலர் சாப்பாடென்றால் வரி 7.10, டிப்ஸ் 16. அவர்களாகவே டிப்ஸ் சேர்த்திருக்கிறார்களா என்று பில்லைப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பாய்.

மீந்ததைப் பார்சல் கட்டச் சொல்லக் கூச்சப்படாதே, அங்கே எல்லோரும் செய்வதுதான். சிக்கன் பார்மை மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டித் தூள் ஊறிப்போகும். ஓவன் அடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் வை. பாஸ்தாவை வாணலியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சூடாக்கு.

அப்பா