நண்டின் கால் எங்கே முறிகிறது? அணியும் எந்திரங்கள் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

எக்சோஸ்கெலிட்டன் (நண்டின் ஓடுபோல உடம்புக்கு வெளியே அணியும் எந்திரம்) செய்யும் பொறியியல் மாணவர்களுக்கும், அதை நம்பித் தொழில் தொடங்கியிருக்கும் இளம் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எக்சோஸ்கெலிட்டன் செய்கிறவர்கள் எங்கள் துறைப் பக்கம் எட்டிப்பார்ப்பதுண்டு. 'இயற்கையிடமிருந்து கற்றது' என்று அறிக்கையின் முன்னுரையில் எழுத ஒரு பத்தி வேண்டும், அதற்காக. வண்டு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கும், நண்டின் ஓடு கைட்டின் என்ற நார்ப்பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்தது, பூச்சியின் தசைகள் ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். இவற்றைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஓடு உடைந்தால் அந்த உயிர் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அடுத்த முறை மீன் மார்க்கெட்டுக்குப் போனால் நீலக்கால் நண்டுக் குவியலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஒரு கொடுக்கு பெரிதாகவும் மற்றது பொம்மைக் கொடுக்குபோலச் சின்னதாகவும் இருக்கிற நண்டு ஒன்றாவது கண்ணில் படலாம். எப்போதோ ஒரு கொடுக்கை இழந்து, புதிதாக வளர்த்துக்கொண்டிருக்கிற நண்டாக இருக்கும் அது. எதிரி காலைப் பிடித்துக்கொண்டால் நண்டு அந்தக் காலை விட்டுவிட்டு ஓடிவிடும். கண்ட இடத்தில் பிய்ந்து போவதில்லை. காலின் அடிப்பகுதியில், முறிவதற்கென்றே ஒரு கோடு இருக்கிறது. தசை இழுத்த இழுப்பில் சரியாக அங்கேதான் கழலும். உள்ளே தயாராக இருக்கும் சவ்வு காயத்தின் வாயை மூடிவிடும், ரத்தம் வீணாகாது. பிறகு அதே இடத்தில் ஒரு மொட்டு கிளம்பி, அதற்குள் புதுக் கால் மடிந்து வளர்கிறது. அடுத்த முறை ஓடு கழற்றும்போது அது விரியும். முழு அளவுக்கு வரச் சில தோலுரிப்புகள் ஆகும்.

எங்கே முறிய வேண்டும், முறிந்த பிறகு அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதெல்லாம் கால் உருவாகும்போதே முடிவாகிவிட்டது. இதைவிட நல்ல வடிவமைப்புப் பாடம் எனக்குத் தெரிந்து எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

தோலுரிப்பதையும் சும்மா பழசைக் கழற்றி எறிவதாக நினைத்துவிடாதீர்கள். பழைய ஓட்டின் அடியில் புது ஓடு மெத்தென்று உருவாகத் தொடங்கும். பழையதன் உள்ளடுக்கை நொதிகள் கரைக்கும், கரைந்ததில் ஒரு பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்புறம் முதுகின் பின்பக்கம் வெடிக்க, நண்டு பின்புறமாக வெளியே வரும். கால், கண்காம்பு, செவுள், இரைப்பை என்று எல்லாவற்றின் உறையும் சேர்ந்து கழலும். வெளியே வந்ததும் தண்ணீரை உள்வாங்கி உடம்பை உப்ப வைத்து, ஓடு இறுகும்வரை ஒளிந்து கிடக்கும். அதன் வாழ்வில் மிக ஆபத்தான நேரம் அதுதான். முழு ஓட்டையும் மாற்றுவது நண்டுக்கே அவ்வளவு செலவு பிடிக்கிற வேலை.

சரி, தோலுரிக்கவே முடியாத உயிர் என்ன செய்யும்? இறக்கை முளைத்து வளர்ந்துவிட்ட வெட்டுக்கிளி மறுபடி தோலுரிக்காது. சாகும்வரை அதே ஓடுதான். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஈயோன் பார்ல், டேவிட் டெய்லர் முதலானோர் பாலைவன வெட்டுக்கிளிகளின் பின்னங்காலில் சின்னதாகக் கத்தி வெட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. வெட்டு அப்படியே இருந்தது, ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு நேர் கீழே பூச்சி புது அடுக்கு ஒன்றைப் படியவைத்து, உள்ளிருந்து ஒட்டுப் போட்டுக்கொண்டது. காலின் பழைய வலுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குதித்து வாழ அது போதும்.

இனி மனிதர் அணிகிற ஓட்டுக்கு வருகிறேன். அமெரிக்கக் குதிரைப் பந்தய வீரர் மைக்கேல் ஸ்ட்ரெய்ட் 2009இல் சிகாகோ அருகே ஆர்லிங்டன் பார்க் பந்தயத்தில் விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பிறகு 'ரீவாக்' என்ற எந்திரத்தை அணிந்து நடந்தார். 2014இல் வீட்டில் பயன்படுத்த, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் மோட்டார் எக்சோஸ்கெலிட்டன் அது. பயிற்சியையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் ஆனதாகச் சொன்னார். 3,71,091 அடிகள் நடந்த பிறகு எந்திரம் நின்றுபோனது. மோட்டாரில் கோளாறு இல்லை, மூட்டிலும் இல்லை. கட்டுப்படுத்துவதற்காக மணிக்கட்டில் கட்டும் வாட்சுக்குள் இருந்த ஒயரிங்கில்தான் பழுது. எந்திரம் ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டது, சர்வீஸ் செய்ய முடியாது என்று தயாரித்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. 2024இல் அவர் இதை வெளியே சொல்லி, செய்திகளில் அடிபட்ட பிறகுதான் சரிசெய்து கொடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வெட்டுக்கிளி தன் காலுக்கு ஒட்டுப் போட்டுக்கொள்கிறது. மனிதன் நிற்கவும் நடக்கவும் நம்பியிருந்த ஓடு, ஒரு ஒயருக்காக மூலையில் கிடந்திருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு நான் எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் எந்திரம் இன்னும் கம்ப்யூட்டர் திரையில்தான் இருக்கிறது. இப்போதே மாற்றலாம்.

முதலில் எது போகும் என்று யோசித்து, அந்த இடத்தைத் தெரிந்தே வையுங்கள். முழங்கால் மடியும் இடத்தில் ஓடும் ஒயர் ஒருநாள் அறுந்தே தீரும். அது அறுவதற்குப் பதில் கழலும்படி ஒரு கனெக்டர் போட்டால் நண்டு செய்ததை நீங்களும் செய்தவர்கள் ஆவீர்கள். பேட்டரியைப் பசை போட்டு மூடாதீர்கள், கடையில் கிடைக்கும் அளவிலேயே வையுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குத் திறக்கட்டும். பூச்சிகளின் கால் ஓட்டில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் பதிந்திருக்கின்றன. பளு எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது நரம்புக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் எந்திரமும் எந்தப் பாகம் தேய்கிறது என்பதை அணிந்திருப்பவருக்கே, அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லட்டும். நிறுவனத்துக்கு மட்டும் புரியும் எர்ரர் நம்பரால் அவருக்கு என்ன பயன்?

மருத்துவக் கருவியைக் கண்டவர் கையில் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வருடக்கணக்கில் நடக்காத கால்களில் எலும்பு மெலிந்திருக்கும், தவறி விழுந்தால் முறியும். அதனால் நடையைத் தீர்மானிக்கும் சாஃப்ட்வேரையும் மூட்டு மோட்டாரையும் பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வாட்ச், பேட்டரி, சார்ஜர், பட்டை, ஒயர் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நம் ஊரில் செல்போன் ரிப்பேர் செய்கிறவரும் மோட்டார் வைண்டிங் கடைக்காரரும் இவற்றைவிடச் சிக்கலான வேலைகளைத் தினமும் செய்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு சர்க்யூட் படமும் உதிரிபாகமும்தான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2022இல் மின் சக்கர நாற்காலிகளுக்கு இப்படி ஒரு சட்டமே போட்டது. பாகங்கள், கருவிகள், கையேடு, உள்ளிருக்கும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் உரிமையாளருக்கும் வெளிப் பழுதுபார்ப்பவருக்கும் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும். நீங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனம் மூடப்பட்டால் வரைபடங்களைப் பொதுவில் விடுவோம் என்று முதல் எந்திரத்தை விற்கும்போதே எழுதிக்கொடுங்கள். எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

முன்னுரைக்கு ஒரு பத்தி வேண்டுமென்றால் எங்கள் துறைக்குத் தாராளமாக வாருங்கள், நண்டும் வெட்டுக்கிளியும் ஆய்வகத்தில் இருக்கின்றன. வரும்போது உங்கள் எந்திரத்தின் முழங்காலையும் எடுத்து வாருங்கள். அதை என் எதிரில் கழற்றி, ஒரு ஒயரை மாற்றி, மறுபடி பூட்டிக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு விலங்கியல் ஆசிரியை