சருகை எரிக்க விடாதே

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கேட்ட இடத்துக்கே மாற்றல் கிடைத்ததும், உன் முழங்கால் வலி மட்டுப்பட்டிருப்பதும் படிக்க நிம்மதியாக இருந்தது. மற்றபடி கடிதம் முழுக்க, சமையலறைக் கழிவை மக்க வைக்கிற அந்த உரத் தொட்டியின் நாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் தூக்கி வெளியே வைத்துவிடுவேன் என்று உன் வீட்டுக்காரர் மிரட்டுகிறாராமே. அவரிடம் ஒரு வாரம் தவணை வாங்கு, அது போதும்.

"அழுகிய முட்டை மாதிரி வீசுகிறது, அடியில் கறுப்பாகத் தண்ணீர் கட்டியிருக்கிறது" என்று எழுதியிருந்தாய். உள்ளே காற்று இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காற்றோட்டம் இருக்கும் வரை வேலை செய்கிற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் கரியமில வாயுவையும் நீராவியையும்தான் வெளியே விடும். அவற்றுக்கு வாடை கிடையாது. தண்ணீர் தேங்கிக் காற்று அடைபட்டதும் அவை ஒடுங்கிவிடும், காற்றே தேவைப்படாத வேறு கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டை வாடை அவற்றின் உபயம். மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நெடி வந்திருந்தால் கதை வேறு, நைட்ரஜன் மிதமிஞ்சிப்போய்க் காற்றோடு போகிறது என்று அர்த்தம். இரண்டுக்குமே மருந்து சருகுதான்.

காய்கறித் தோலிலும் பழத்தோலிலும் பெரும்பகுதி தண்ணீர், 80 சதவீதத்துக்கு மேலேகூட இருக்கும். அதை மட்டும் தொட்டியில் போட்டுக்கொண்டே வந்தால் கூழாகிப் படியாமல் என்ன செய்யும்? நுண்ணுயிர்களுக்கு உடம்பை வளர்க்க நைட்ரஜன் வேண்டும், எரித்துச் சக்தி எடுக்கக் கார்பன் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும். சமையலறைக் கழிவில் அது 15, 20 பங்கு அளவில்தான் இருக்கிறது. காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை, மரத்தூளில் நூற்றுக்கணக்கில். இதற்காகத் தராசும் கணக்கு நோட்டும் எடுத்துக்கொண்டு உட்காராதே. ஒரு பாத்திரம் கழிவு போட்டால் அதே பாத்திரத்தில் இரண்டோ மூன்றோ பாத்திரம் சருகு போடு, கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

முதலில் தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே இருப்பதைத் தரையில் பரப்பு. பிய்த்த அட்டைப்பெட்டி, காய்ந்த இலை எது கிடைக்கிறதோ அதைத் தாராளமாகக் கலந்து பிரட்டு. பளபளப்பு பூசிய அட்டையும் ஒட்டுநாடாவும் மட்டும் வேண்டாம். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா பார், இல்லாவிட்டால் போடு. அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துவிட்டு, கலவையைத் திரும்பக் கொட்டு. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழி. ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு. ஒன்றுமே வராமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளி. ஓரிரு நாளில் வாடை குறைய ஆரம்பிக்கும்.

அப்புறம் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கு நிறையச் சருகு எப்போதும் இருக்கட்டும். வசந்தி, எனக்குத் தெரிந்தவரை உரம் போடுகிறேன் என்று ஆரம்பித்துக் கைவிட்டவர்கள் எல்லாரும் இந்த ஒரு சாக்கு இல்லாமல்தான் கைவிட்டார்கள். கழிவு தினமும் வரும், சருகு வருஷத்தில் சில வாரம்தான் கொட்டும். விழும்போது சேர்த்து வைக்காவிட்டால் தேவைப்படும்போது இருக்காது. ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் அது கண்ணில் படாத அளவுக்கு மேலே மூடிவிட்டால் அந்தக் குட்டி ஈக்களும் ஒழியும், அவற்றுக்கு முட்டையிட ஈரமான இடம் கிடைக்காது. சாம்பல் நிறத்தில் தடிப்பான புழு நெளிகிறது என்று எழுதியிருந்தாயே, அது படைவீரன் ஈயின் புழுவாக இருக்கும். கழிவை அசுர வேகத்தில் தின்னும். வளர்ந்த ஈ சாப்பாட்டுப் பக்கம் வந்து மொய்க்காது, விட்டுவிடு. இறைச்சி, எண்ணெய், பால் பொருட்களை மட்டும் போடாதே. எலிக்கு அழைப்பிதழ் வைத்ததாகிவிடும்.

தொட்டி சூடாகவே இல்லையே என்று கவலைப்படுகிறாய். ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுமார் ஒரு மீட்டர் இருக்கும் குவியல்தான் தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் நடுப்பகுதி 55, 60 டிகிரி வரைக்கும் ஏறும். குவியல் அந்த அளவுக்குக் குறைந்தால் பக்கவாட்டில் சூடு கசிந்துவிடும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது வகுத்த முறை இப்படிப் பெரிய குவியலுக்கானது. பயிர்க் கழிவு, சாணம், மண், சாம்பல் என்று அடுக்கி, இடையிடையே புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக்கினார். உனக்கும் எனக்கும் மூன்று மாதத்தில் முடிக்க என்ன அவசரம்? ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகட்டும், ஆறின தொட்டியும் அதே உரத்தைத்தான் தரும். ஒன்றில் மட்டும் கவனமாக இரு. சூடு ஏறாத தொட்டியில் களை விதையும் நோய்க் கிருமியும் சாகாது. விதை பிடித்த களையையும் வாடல் நோய் வந்த செடியையும் அதில் சேர்க்காதே. தக்காளி விதை முளைத்துக்கொண்டு வந்தால் பயப்படாமல் பிடுங்கிப் போடு, அல்லது வளர விடு.

உரத்தை விரைவாக்கும் பொடி, திரவம் என்று விற்கிறார்களே, அதை வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேண்டிய நுண்ணுயிர்கள் சருகிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கை தோட்டத்து மண்ணோ பழைய உரமோ தூவினால் தீர்ந்தது. காசை உரம் புரட்ட ஒரு நல்ல தோட்டத்து முள்கரண்டிக்கு வைத்துக்கொள்.

ஆகிவிட்டதா என்று மூக்கே சொல்லிவிடும். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசம் தெரியுமல்லவா, அதைத் தருகிற பொருளை உண்டாக்கும் நுண்ணுயிர்கள்தான் உரம் முதிரும்போதும் பெருகுகின்றன. போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியக்கூடாது, முட்டை ஓடு விதிவிலக்கு, அது வருஷக்கணக்கில் கிடக்கும். சந்தேகமாக இருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பையில் கட்டி ஒரு வாரம் வை. திறந்ததும் புளிப்போ நாற்றமோ வந்தால் இன்னும் ஆகவில்லை. அரைகுறை உரத்தை வேரருகே கலந்தால், பாக்கி வேலையை முடிக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டாம், மேலே பரப்பி மூடாக்காகப் போட்டுவிடு, அங்கே கெடுதல் செய்யாது.

உரத்தைப் போடும் அளவில்தான் பலருக்குத் தாராளக் கை. தொட்டிச் செடிக்குக் கலவையில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. உரம் மக்கிக்கொண்டே இருப்பதால் அதற்கு மேல் போட்டால் தொட்டி மண் மாதத்துக்கு மாதம் கீழே இறங்கும், தண்ணீரும் தேங்கும். பாத்திகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பரப்பினால் போதும், கொத்திக் கலக்கக்கூட வேண்டாம். அதில் இருக்கும் நைட்ரஜனே எடையில் ஒன்றிரண்டு சதவீதம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும். ஆகவே அதை உடனடித் தீனி என்று நினைக்காதே. நீர் பிடிக்கிற, காற்றுப் போகிற மண் அதனால் கிடைக்கிறது, அதுதான் பெரிய லாபம். வருஷா வருஷம் கூடை கூடையாகக் கொட்டுபவர்கள் மண்ணில் பாஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். உன் முழங்காலை வைத்துக்கொண்டு உரம் புரட்டுவதைவிட, மூடாக்கில் நீ கவனம் வைப்பதுதான் நல்லது என்பேன். சருகைத் தொட்டியில் போட்டு உரமாக்கி, சலித்து, சுமந்து பாத்திக்குக் கொண்டுபோகிறோம். அதே சருகைப் பாத்தியில் நேராகப் பரப்பினால் அங்கேயே மக்கும். மண்புழு வந்து இரவில் இலையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போகும். சுமக்கிற வேலை அதனுடையது. நடுவில் கிடைக்கிற லாபம் தனி: வெயில் நேரடியாக மண்ணில் படாததால் ஈரம் நிற்கும், வெளிச்சம் இல்லாததால் களை விதை பெரும்பாலும் முளைக்காது, மழைத்துளி அடித்து மண் இறுகாது. தக்காளிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதன் இலைப்புள்ளி நோய்க் கிருமிகள் பழைய இலையிலும் மண்ணிலும் தங்கி, மழைத்தெறிப்பில் அடி இலைக்குத் தாவுகிறவை. மூடாக்கு போட்டால் அந்தத் தாவல் பெருமளவு குறையும்.

போடுவதற்கு முன் மண்ணை நன்றாக நனை. காய்ந்த மண் மேல் தடிமனாக மூடினால், தூறல் மழையை மூடாக்கே குடித்துவிடும், கீழே இறங்காது. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மூடாக்குக்கு அடியில் போகட்டும். சருகென்றால் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமன். தண்டை ஒட்டிக் குவிக்காதே, நாலு விரல் இடம் விடு, இல்லாவிட்டால் பட்டை அழுகும். புதிதாக வெட்டிய புல்லை மெல்லிசாகப் போட்டு, காய்ந்த பிறகு அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஒட்டிப் பாயாகிக் காற்றையும் மழையையும் மறித்துவிடும். விதை போட்ட பாத்தியை நாற்று ஒரு விரற்கடை வளரும் வரைக்கும் மூடாதே. நத்தை தொல்லை இருக்கும் இடத்தில் மழைக் காலத்தில் தடிமனைக் குறை.

மரச்சில்லு மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் என்று உன் பக்கத்து வீட்டம்மா சொன்னது பாதி சரி. மண்ணுக்குள் கலந்தால் அப்படி நடக்கும். மேலே கிடந்தால் தொட்டுக்கொண்டிருக்கிற மெல்லிய அடுக்கில் மட்டும்தான் இழுபறி, ஆழத்தில் இருக்கும் வேருக்குத் தெரியவே தெரியாது. மரத்தடியிலும் புதர்ச்செடிக்கும் நடைபாதைக்கும் தயங்காமல் போடு. அடிக்கடி கிளறுகிற காய்கறிப் பாத்திக்குச் சருகே வசதி.

வெளியிலிருந்து வைக்கோலோ சாணமோ வாங்கினால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் வைக்கோலிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும், ஏன், மக்கின உரத்திலும்கூட மாதக்கணக்கில் தங்கிவிடும். தக்காளி, அவரை இனங்கள் அதற்கு உடனே சுருளும். வாங்கியதைக் கொஞ்சம் மண்ணோடு கலந்து தொட்டியில் அவரை விதை போட்டுப் பார். இரண்டு மூன்று வாரத்தில் இலை நேராக விரிந்தால் மீதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு எழுதியபின் உன் வீட்டுக்காரர் பற்றி ஒரு வார்த்தை. விழுந்த இலையை எல்லாம் கூட்டி மூலையில் தீ வைக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. தொட்டி நாறுகிறது என்று கத்துவதும் அவர், அதற்கு மருந்தான சருகை எரிப்பதும் அவரா? தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு சாக்கைக் கொடு. கூட்டுகிற வேலைதான் எப்படியும் செய்கிறாரே, கொட்டுகிற இடத்தை மட்டும் மாற்றச் சொல். தெருவில் மற்றவர்கள் கட்டி வைக்கிற இலை மூட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், மறுக்க மாட்டார்கள்.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கண் பரிசோதனைக்குப் போய் வந்தேன், கண்ணாடி மாற்ற வேண்டுமாம். பேத்தி மண்புழுவுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு திரிகிறாள், எதற்கு எந்தப் பெயர் என்று அவளுக்கே குழப்பம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ ரோஜாவில் பதியன் போடுவாயே, கிளையைக் கீறிவிட்டுப் புதைப்பாயா, அப்படியேவா? எனக்கு வேரே விட மாட்டேன் என்கிறது. அடுத்த கடிதத்தில் படம் போட்டு எழுது, முழங்காலையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மீனா